பாதி துடைத்த பொட்டு

எனக்கு அறுபத்தொன்பது வயது நடக்கிறது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் பெற்று என்னிடம் விட்டுப் போனது. எது எது என்று வெளியாள் யாரும் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. அதில் எனக்குள்ள பெருமை வேறெதிலும் கிடையாது. அதற்கு அடுத்த பெருமை, நம் ஷெட்டில் நான் பார்த்த வேலை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பேன், அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் சொல்கிறேன், பேத்தி செல்வி எழுதுகிறாள். நடுநடுவே தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஒட்டுவது, பற்றவைப்பது, மேற்பூச்சு போடுவது இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு வாரம் உட்கார்ந்தால் கை தானாகப் பழகிவிடும். ஆள் வந்து நிற்கும்போது வேலை கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதுதான் யாரும் சொல்லித் தராதது. அதைச் சொல்கிறேன். அவசரமில்லாமல் கேளுங்கள்.

நம் முதலாளியை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவருக்கு முதலில் இருந்தது அச்சகம். காலண்டர் அடிப்பார், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பார். ஒரு தடவை அவர் சிறுநீரகத்தில் கல் வந்து, மதுரையில் போய்ப் படுத்தார். கத்தியே வைக்காமல், வெளியிலிருந்து ஒலியைச் செலுத்திக் கல்லை உடைத்து அனுப்பிவிட்டார்கள். வலி போன சந்தோஷத்தைவிட அவருக்கு அந்த அதிசயம்தான் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாராம்: "சத்தத்தை விக்கிறதுதானே நம்ம ஊர்த் தொழிலு? இத்தனை வருசம் இது நமக்குத் தெரியாமப் போச்சே!"

அவர் வீட்டுக்கார அம்மா சும்மா விடவில்லை. "காதுக்குக் கேக்காத சத்தத்தை எவன் வாங்குவான்?"

அண்ணாச்சி யார் சொல்லையும் கேட்கிற ஆள் இல்லை. அச்சகத்துக்குப் பின்னால் காகிதம் அடுக்கியிருந்த ஷெட்டைக் காலி செய்தார். விருதுநகர்க்காரப் பெண் ஒருத்தியை எஞ்சினியராகக் கொண்டுவந்தார். அதுதான் கவிதா மேடம். மேடம் முதலில் செய்த காரியம், பட்டாசு ஆலைகளில் திரி சொருகிய பெண்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தது. "விரல் நடுங்காத ஆளுங்க எனக்கு வேணும்க்கா" என்றாள். எம். புதுப்பட்டியில் நான் திரி சொருகிய நாளில் என் விரல் நடுங்கியிருந்தால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். சேர்ந்தேன். ஏழாயிரம்பண்ணை வேனில் வந்து இறங்குகிற முத்துலெட்சுமியும் சேர்ந்தாள்.

நாங்கள் செய்த கருவி தீக்குச்சிப் பருமன்தான் இருக்கும். அதன் நுனியில் பாதித் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கிண்ணம். கரண்டு கொடுத்தால் அந்தக் கிண்ணம் அதிரும். அந்த அதிர்வு காதில் விழாது. ஆனால் கிண்ணத்தின் வளைவு அதை ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பூதக்கண்ணாடி வெயிலைச் சேர்க்கிற மாதிரி. அந்தப் புள்ளி மட்டும் வெந்துபோகும். நடுவில் இருக்கிற சதைக்கு ஒன்றும் ஆகாது. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குச்சியை உள்ளே விட்டால், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிற இடத்தை மட்டும் வேகவைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

ஆளுக்கு வைப்பதற்கு முன்னால் அது சரியாகச் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும் இல்லையா? அதற்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து ஒரு ஜெல்லி செய்வோம். நுங்கு மாதிரி கண்ணாடியாக இருக்கும். கருவியை ஓட்டினால் அதற்குள்ளே சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளை விழும். குறித்த இடத்தில் விழுந்தால் நல்ல கருவி. "பருக்கை விழுந்துச்சா?" என்பதுதான் எங்கள் ஷெட்டில் காலை வணக்கம்.

முத்துலெட்சுமியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்ன வெடிப்புச் சத்தம் கேட்டால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை, ஓடுவோம். வெடிமருந்து அறையில் உயிரைக் காக்கிற பழக்கம் அது. சேர்ந்த புதிதில், ஜெல்லியை இறக்கிச் சோதிக்கிற தொட்டித் தண்ணீரில் காற்று கலந்திருந்ததால் கருவி ஓடும்போது சடசடவென்று கேட்டது. முத்துலெட்சுமி ஒரே ஓட்டம். ஓடியதோடு நில்லாமல் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டாள். உள்ளே கவிதா மேடம்.

"முத்துலெட்சுமிக்கா, கதவைத் திறங்க!"

"நீங்க முதல்ல அதை அணைங்க மேடம், பெறகு திறக்கேன்!"

பயந்த சுபாவம் என்று நினைக்காதீர்கள். வாயில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. சாமி விஷயத்திலும் சடங்கு விஷயத்திலும் மட்டும் கை கட்டிக்கொள்வாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சிக்கும் மேடத்துக்கும் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கருவி ஒன்றில் நுனி தட்டையாக இருந்ததாம். தட்டையின் முன்னால் ஒரு வில்லையை வைத்து ஒலியைச் சேர்ப்பார்கள். அதைப் பார்த்து அண்ணாச்சி ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். "ஊரு உலகத்துல ஓடுறதைச் செய்யாம, இது என்னம்மா புதுசாக் கிண்ணம், குண்டான்னுக்கிட்டு?" என்பார். மேடம் விட்டுக்கொடுக்க மாட்டாள். "தட்டை வச்சா குச்சி பேனா மொத்தம் ஆயிரும் அண்ணாச்சி. பேனா மொத்தத்துக்கு ஒரு பொம்பளை வயித்துல துளை போடணும். அதுக்கா நாம உக்காந்திருக்கோம்?"

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பார்த்து, கிண்ணமா தட்டையா என்று முடிவு சொல்வது என்று ஆயிற்று. டாக்டரம்மா சரி சொன்னால்தான் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்ப முடியும். கிண்ணம் தோற்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டையில் தொடங்குவோம் என்று அண்ணாச்சி கட்டளையாகச் சொல்லிவிட்டார். மேடம் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "கிண்ணம் போனா நானும் கிளம்பிருவேன்க்கா. மனசாரத் தட்டையைச் செய்ய என்னால முடியாது." அந்தக் கிண்ணத்துக்காக அவள் எத்தனை வருடம் தேய்ந்தாள் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். டாக்டரம்மா வருகிற அன்றைக்குப் பருக்கை சரியாக விழ வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரம்மா வருவதற்குச் சில நாள் முன்பு ஆயுத பூஜை வந்தது. பட்டாசு சீசன் உச்சத்தில் இருக்கிற நேரம். எங்கள் ஊரில் பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். அச்சு இயந்திரத்துக்கு வைத்தார், காகிதம் வெட்டுகிற கத்திக்கு வைத்தார், லோடு வேனுக்கு வைத்தார். ஷெட்டுக்குள் வந்து பூதக்கண்ணாடிக்கு, தொட்டிக்கு, கம்ப்யூட்டருக்கு, சுவிட்சுப் பலகைக்கு எல்லாம் வைத்தார். கவிதா மேடம் அன்றைக்குத் தன் வீட்டுப் பூஜைக்குப் போயிருந்தாள். வாழை இலையில் ஒரு தட்டு. தட்டில் டாக்டரம்மாவுக்குக் காட்ட வைத்திருந்த குச்சி, மேற்பூச்சு மட்டும் பாக்கி. அண்ணாச்சி அதன் முன்னால் குனிந்து கட்டைவிரலை நீட்டியதை நான் பொரித் தட்டோடு நின்று பார்த்தேன். நின்று பார்த்தேனே தவிர, அந்த விரல் எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சுண்டல் தீர்ந்துவிட்டது என்று அச்சகத்துப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா வந்தார். குள்ளமான உருவம், மூக்குக்கண்ணாடி, சிரிப்பே கிடையாது. காபி வேண்டாம் என்றார், பூந்தி வேண்டாம் என்றார், "கருவியைக் காட்டுங்க" என்றார். அண்ணாச்சி தன் தட்டைப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

மேடம் கருவியை ஓட்டினாள். ஜெல்லியில் வெள்ளை விழுந்தது. ஆனால் பருக்கை மாதிரி விழவில்லை. குறித்த இடத்தைவிட்டு ஒதுங்கி, கரண்டியால் இழுத்துவிட்ட தோசை மாவு மாதிரி நீளமாக விழுந்தது. மேடம் வேறு ஜெல்லி வைத்து ஓட்டினாள். அதே தோசை.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அண்ணாச்சி.

மேடத்துக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரி. குச்சியைப் பிடிப்பானில் பாதிச் சுற்று திருப்பி வைத்து மறுபடி ஓட்டினாள். இப்போது வெள்ளை எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. "ஜெல்லியில கோளாறு இல்லை டாக்டர். குச்சியிலதான் ஏதோ இருக்கு," என்றாள்.

அண்ணாச்சி அதையே பிடித்துக்கொண்டார். "அதத்தானே நானும் சொல்றேன்? கிண்ணம்தான் கோணல்!"

"இவ்வளவு சின்னக் கிண்ணத்தை ஒரே மாதிரி வளைக்கிறது கஷ்டமா இருக்கும் போல," என்றார் டாக்டரம்மா. நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் மேடத்தின் முகம் இறங்கிவிட்டது.

அப்போது நான் முத்துலெட்சுமியைப் பார்த்தேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை. யாரும் சொல்லாமல் முத்துலெட்சுமி மேசை துடைக்கிறாள் என்றால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. எனக்குச் சட்டென்று வாழை இலையும் அந்தக் கட்டைவிரலும் ஞாபகம் வந்தன.

இதற்குள் மேடம் இழுப்பறையைத் திறந்துவிட்டாள். அதில் இன்னொரு குச்சி தயாராக இருந்தது. இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இரண்டாவது குச்சியைப் போட்டிருந்தால் பருக்கை அழகாக விழுந்திருக்கும், அன்றைய மானம் தப்பியிருக்கும். ஆனால் டாக்டரம்மா என்ன நினைத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருப்பார்? கிண்ணம் ஒரு நேரம் சுடும், ஒரு நேரம் கோணும், ஏன் என்று இவர்களுக்கே தெரியாது என்றுதானே? அப்படி ஒரு சாமானை எந்த டாக்டர் ஒரு மனுஷியின் வயிற்றுக்குள் விடுவார்?

"மேடம், அதை எடுக்காதீக," என்றேன். "முதல்ல இந்தக் குச்சியைக் கண்ணாடியில பாருங்க."

பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் அடியில் வைத்தாள். பக்கத்து டிவியில் கிண்ணம் ஒரு கிணறு மாதிரி தெரிந்தது. கிணற்றின் ஒரு ஓரத்தில், மேற்பூச்சுக்கு அடியில், மூன்றாம் பிறை மாதிரி மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. சந்தனமும் குங்குமமும்தான். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதை அடையாளம் சொல்லத் தேவையில்லை.

அண்ணாச்சிக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "எந்தக் கழுதை இதுல பொட்டு வச்சது?"

அந்தக் கழுதையை எனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? வெளியூர் ஆள் நிற்கிறார். சம்பளம் தருகிற மனிதர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தவர். சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. சாயங்காலம் வரை பொறுத்தால் கிண்ணத்தின் கதை முடிந்துவிடும். கவிதா மேடம் பெட்டியைக் கட்டிவிடுவாள். முத்துலெட்சுமி மேசையையே தேய்த்துத் துளை போட்டுவிடுவாள் போலிருந்தது.

"அண்ணாச்சி," என்றேன், "பூஜையன்னைக்கு நீங்கதான் வச்சீக. இந்தக் குச்சி நல்லா ஓடணும்னு ஆசையாத்தான் வச்சீக. நான் பொரித் தட்டோட அங்கன நின்னேன்."

சொல்ல வேண்டியதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆனால் அவர் ஆசையோடு வைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். பாதியை மட்டும் சொல்லியிருந்தால் அது கோள்.

அண்ணாச்சி தன் வலது கட்டைவிரலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "இதா?" என்றார். துவரம்பருப்பில் பாதி அளவுள்ள கிண்ணத்துக்கு அந்த விரல் பெரிய பாறாங்கல்தான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சரி, வச்சேன். வச்சா நீங்க துடைக்க மாட்டீகளா?" என்றார்.

அதற்குமேல் முத்துலெட்சுமியால் அடக்க முடியவில்லை. "துடைச்சேன் அண்ணாச்சி! பாதி துடைச்சேன்!"

"அதென்ன பாதி?"

"முழுசாப் பொட்டை அழிக்கச் சொல்றீகளா? அதுவும் சாமிக்கு முன்னால முதலாளி வச்ச பொட்டை? எனக்குப் புருசன் இருக்காக, பிள்ளை குட்டி இருக்கு. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

அதில் தப்புச் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் துடைத்திருப்பேன்.

"அந்த மீதிப் பாதிதான் என் ஜெல்லியில தெரியுதா?" என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை.

மேடம் இப்போது இரண்டாவது குச்சியை ஓட்டினாள். பருக்கை, குறித்த இடத்தில், முத்து மாதிரி விழுந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் டாக்டரம்மா கைப்பையை எடுக்கவில்லை.

"நல்லாயிருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்க ஆபரேஷன் தியேட்டர்லயும் ஆயுத பூஜை உண்டு. நர்ஸுங்க மயக்க மருந்து மெஷினுக்கு வைப்பாங்க, விளக்குக்கு வைப்பாங்க. போன வருஷம் என் மூக்குக்கண்ணாடிக்கு வச்சுட்டாங்க. உங்க கருவி கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்துறது. எங்க தியேட்டருக்கு வந்தா, இதுக்கும் பொட்டு விழும். பாதி துடைக்கவும் செய்வாங்க. அன்னைக்கு முன்னால இருக்கப்போறது ஜெல்லி இல்லை, ஆளு. அப்ப என்ன செய்வீங்க?"

நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "பொட்டு வைக்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போர்டு எழுதி மாட்டிருவோம் டாக்டரம்மா."

"அந்தப் போர்டுக்கும் பொட்டு வைப்பாங்க," என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. போர்டு நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மேடம் என்னைக் கவனிக்கவே இல்லை. பழைய காலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டு ஏதோ கிறுக்கத் தொடங்கிவிட்டாள். "கொஞ்சம் டைம் குடுங்க டாக்டர்."

"தீபாவளி கழிச்சு வரேன். அதுக்குள்ள வழி இருந்தா கிண்ணம். இல்லைன்னா அண்ணாச்சி படத்தைப் பார்ப்போம்."

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். மேடம் துணி சோப்பை வாங்கிவந்து கத்தியால் செதுக்கி, கருவியின் கைப்பிடி மாதிரி செய்தாள். முன்னால் ஒரு குச்சியைச் செருகினாள். அச்சகத்துப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சந்தனத்தைக் கொடுத்து, "இதுக்குப் பொட்டு வைங்க," என்றாள். வேறெதுவும் சொல்ல மாட்டாள். விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பாள். எல்லா விரலும் நேராக நுனிக்குத்தான் போயிற்று.

"ஏன்க்கா எல்லாரும் அங்கயே வைக்கிறீங்க? இம்புட்டுப் பெரிய பிடி இருக்குல்ல?"

"முகத்தை விட்டுட்டு முதுகுலயா பொட்டு வைப்பாக மேடம்?" என்றாள் முத்துலெட்சுமி.

மேடம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். அதன்பிறகு வேலை வேறு பக்கம் திரும்பியது. நுனிக்கு ஒரு மூடி செய்தாள். பெண்கள் மூடிக்கு வைத்தார்கள். மூடியைத் திறக்கும்போது சந்தனத்தூள் கிண்ணத்தில் விழும், ஆகாது. மூடியைச் சொரசொரப்பாக, அவலட்சணமாகச் செய்தாள். பிடியின் மேல்பக்கத்தை அகலமாக்கி, வழவழப்பாக்கி, நடுவில் கட்டைவிரல் பதிகிற அளவுக்குச் சின்னக் குழி. சோப்புக்கு மேல் சோப்பாகத் தீர்ந்தது. ஒருநாள் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணின் கையில் சந்தனத்தைக் கொடுத்தோம். அவள் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் அந்தக் குழியில் உட்கார்ந்தது. கருவிக்கு நெற்றி கிடைத்துவிட்டது. சிகிச்சையின்போது பிடிக்கு மேல் சுத்தமான உறை மாட்டிவிடுவார்கள். உறைக்குள்ளே பொட்டு இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இன்னொன்றும் செய்தாள். சுடுவதற்கு முன்னால் கருவி மெல்லிசாக ஒரு குரல் கொடுத்து, அது கிண்ணத்தில் எப்படித் திரும்பி வருகிறது என்று தானே கேட்டுக்கொள்ளும். கிண்ணத்தில் அழுக்கு ஒட்டியிருந்தால் குரல் மாறும். மாறினால் சுடாது. எவ்வளவு அழுத்தினாலும் சுடாது.

போர்டு விஷயத்தில் என் மனம் ஆறட்டும் என்று வாசலில் ஒன்று மாட்டவும் விட்டாள். மறு வெள்ளிக்கிழமை அதற்கு யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளி முடிந்து டாக்டரம்மா வந்தார். அண்ணாச்சி அன்றைக்கும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கக்கத்தில் படமும் இருந்தது. மேடம் மூடியைக் கழற்றிக் கிண்ணம் தெரிகிற மாதிரி கருவியை அவர் முன்னால் நீட்டினாள்.

"வைங்க அண்ணாச்சி," என்றார் டாக்டரம்மா. "கிண்ணத்துலயே வைங்க."

"கெட்டுப்போகும்னு தெரிஞ்சே எப்படிம்மா வைக்கிறது? மனசு வரலையே."

"வச்சாத்தான் தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். மேடம் தொட்டியில் கருவியை இறக்கி, பொத்தானை அழுத்தினாள். கருவி 'டுர்ர்' என்று ஒரு தடவை உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெல்லி நுங்காகவே இருந்தது. டாக்டரம்மா மேடத்தின் கையை விலக்கிவிட்டுத் தானே அழுத்தினார். மறுபடி 'டுர்ர்'. இன்னும் பலமாக அழுத்தினார். நடக்கவில்லை.

அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார். "என் பொட்டையே வேண்டாங்குதே!"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"இப்ப முழுசாத் துடைச்சுட்டு ஓட்டணும்," என்றார் டாக்டரம்மா. மேடம் துணியை முத்துலெட்சுமி பக்கம் நீட்டினாள். முத்துலெட்சுமி ஒரு அடி பின்னால் போனாள். மேடம் அதை என் பக்கம் நீட்டினாள். நான் தொட்டியில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

"கொண்டா இங்கன," என்று அண்ணாச்சி துணியை வாங்கினார். "வச்சவன் நான். நானே துடைக்கேன்." தாமிரச் செம்பு விளக்குவது மாதிரி இல்லாமல், கைக்குழந்தையின் மூக்கைத் துடைப்பது மாதிரி மெல்லத் துடைத்தார். கழுவினார். மறுபடி துடைத்தார். கண்ணாடிக்கு அடியில் வைத்து, டிவியில் பார்த்து, ஓரத்தில் இருந்த கடைசிப் பொட்டுத் தூளையும் எடுத்தார்.

கருவியை இறக்கினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. ஜெல்லியின் நடுவில், குறித்த இடத்தில், ஒரே ஒரு பருக்கை.

டாக்டரம்மா அண்ணாச்சியின் கக்கத்திலிருந்த படத்தைச் சுட்டிக்காட்டினார். "அதை வீட்டுல பத்திரமா வச்சுக்கங்க. நமக்கு இனி வேண்டாம். கிண்ணத்தையே அடுத்த சோதனைக்கு அனுப்புங்க." அதன்பிறகுதான் சிரித்தார். காபியும் குடித்தார்.

கவிதா மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, கருவியின் நெற்றிக் குழியில் தானே ஒரு பொட்டு வைத்தாள். பெட்டி கட்டுகிற பேச்சு அத்தோடு போயிற்று.

நீங்கள் வேலையில் சேர்ந்த அன்றே பார்த்திருப்பீர்கள். கருவி ஒவ்வொன்றும் ஷெட்டைவிட்டு வெளியே போகிறதற்கு முன்னால் அண்ணாச்சி வந்து கிண்ணத்தில் ஒரு பொட்டு வைப்பார், அது அவரைப் பார்த்து 'டுர்ர்' என்று உறுமும், அவரே முழுசாகத் துடைத்துக் கொடுப்பார். அது பூஜை என்று நினைத்துக்கொண்டு யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் ஷெட்டின் கடைசிச் சோதனை அதுதான். அவரைப் பார்த்து உறுமாத கருவி வெளியே போகாது. முதலாளியைத் திட்டினால்தான் பாஸ் என்று வேறு எந்தக் கம்பெனியில் சட்டம் இருக்கிறது, சொல்லுங்கள்.

ஏட்டி செல்வி, எழுதினதை ஒருக்கா முதல்ல இருந்து வாசி. கழுதைன்னு வர்ற இடத்தை மட்டும் மெதுவா வாசி, எதுத்தாப்புல அண்ணாச்சி கார் நிக்கிது.